மான்கறி தானம்: வேட்டைச் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, வேட்டை என்றாலே நம் ஆட்களுக்குக் குற்றவழக்குதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் நிலைமை வேறு. பல மாநிலங்களில் வெண்வால் மான் பெருகிப்போய் வயலையும் இளங்கன்றுகளையும் மேய்ந்து தீர்க்கிறது, சாலையில் கார்களில் அடிபட்டும் சாகிறது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க, மாநில வனவிலங்குத் துறையே இலையுதிர் காலம்தோறும் லைசென்ஸ் கொடுத்து வேட்டையாட விடுகிறது. ஒரு குடும்பம் சாப்பிட்டுத் தீர்க்க முடியாத அளவுக்கு மான் எடுக்கவும் பல இடங்களில் அனுமதி உண்டு. உள்ளூர் வேட்டைச் சங்கங்கள் செய்யும் தான தர்மங்களில் பெரிய பங்கு அந்தக் கூடுதல் மானிலிருந்துதான் வருகிறது.

இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. வர்ஜீனியாவில் ‘ஹன்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி’ 1991இல் தொடங்கியது. அதே ஆண்டு பென்சில்வேனியாவில் ‘ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட்’, அடுத்த ஆண்டு மிசூரியில் ‘ஷேர் தி ஹார்வெஸ்ட்’ என்று வரிசையாக வந்தன. 1997இல் ரிக் வில்சன் என்பவர் மேரிலாந்தில் ‘ஃபார்மர்ஸ் அண்ட் ஹன்டர்ஸ் ஃபீடிங் தி ஹங்ரி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வர்ஜீனியாவில் ஒரு சாலையோரம் ஒரு பெண் அவரை நிறுத்தி, செத்துக் கிடந்த மானைத் தன் காரில் ஏற்ற உதவி கேட்டாராம். தானும் பிள்ளைகளும் பசியோடு இருப்பதாக அவர் சொன்னதுதான் அந்த அமைப்பு பிறக்கக் காரணம் என்று வில்சன் சொல்லிவருகிறார்.

அந்தச் சம்பவத்தை நான் இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் உணவு மையத்தில் வரிசையில் நிற்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய் நம்பிச் சமைப்பார். அதனால் தானம் கொடுக்கும் கறி, நம் வீட்டுக் குழந்தையின் தட்டில் வைக்கும் கறிக்கு ஒரு படிகூடக் கீழே இருக்கக் கூடாது. ‘நாம் சாப்பிட மாட்டோம், தானத்துக்குக் கொடுத்துவிடலாம்’ என்ற பேச்சு சில நேரம் காதில் விழும். அதை ஏற்காதீர்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சீசன் தொடங்கும் முன்

முதல் வேலை, உங்கள் மாநிலத்தில் எந்தத் திட்டம் நடக்கிறது, அதில் எந்தெந்தக் கறிக்கூடங்கள் சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது. மானை அறுத்து, எலும்பு நீக்கி, பொட்டலம் போட்டுத் தரும் இடத்தைத்தான் இங்கே கறிக்கூடம் என்கிறேன். ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் ஒரு விதி பொது: தானத்துக்கான மான் முழு உடலாக, குடல் மட்டும் எடுத்த நிலையில், திட்டத்தில் சேர்ந்த கறிக்கூடத்துக்குப் போக வேண்டும். வீட்டில் அறுத்து ஃப்ரீஸரில் வைத்த கறியை உணவு வங்கி வாங்காது. எவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாலும் வாங்காது. புதிதாக வருபவர்களுக்கு இதில்தான் ஏமாற்றம் அதிகம், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் கிடைத்ததும், அதில் இருக்கிறதே என்று நம்பிப் போய்விடாமல், கூடத்துக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ஆண்டும் தான மான் வாங்குகிறார்களா? எந்தத் தேதிவரை? ராத்திரி எத்தனை மணிவரை வாசல் திறந்திருக்கும்? துப்பாக்கி சீசன் தொடங்கும் சனிக்கிழமை மாலையில் கூடங்கள் நிரம்பி வழியும். குளிர் அறையில் இடமில்லை என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பும் உண்டு. மானை வண்டியில் வைத்துக்கொண்டு இருட்டில் இரண்டாவது கூடத்தைத் தேடி அலையும்போது கறி கெட ஆரம்பித்திருக்கும். கையில் எப்போதும் இரண்டு கூடங்களின் எண் இருக்கட்டும்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான மாநிலங்களில் முதல்முறை லைசென்ஸ் எடுப்பவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வகுப்பை இணையத்தில் படிக்கலாம். சில இடங்களில் ஒரு நாள் நேரடிப் பயிற்சியும் சேர்ந்திருக்கும். நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. சங்கத்து நண்பர் பாசத்தோடு தன் துப்பாக்கியை நீட்டுவார். அவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

டேக் என்பது ஒரு மானை எடுப்பதற்கான அனுமதிச் சீட்டு. அதை வாங்கும்போது பெண்மானுக்கான கூடுதல் டேக் உங்கள் பகுதியில் கிடைக்கிறதா என்று பாருங்கள். மந்தையைக் குறைக்க உதவுவது பெண்மானை எடுப்பதுதான், தானத்துக்கு வரும் மான்களிலும் அவை ஏராளம். கொம்புள்ள ஆண்மானுக்காகக் காத்திருந்து கடைசி வாரத்தில் அவசரப்படுவதைவிட, சீசன் ஆரம்பத்திலேயே ஒரு பெண்மானைத் தானத்துக்கென்று ஒதுக்குவது எல்லோருக்கும் நல்லது. அந்தக் கறி குளிர்காலம் தொடங்கும் முன்பே உணவு மையத்துக்குப் போய்ச் சேரும்.

சுட்டதிலிருந்து கூடத்து வாசல்வரை

கறியின் தரத்தை இந்தச் சில மணி நேரங்கள்தான் தீர்மானிக்கின்றன. கூடத்தில் எவ்வளவு நல்ல கத்தி வைத்திருந்தாலும் இங்கே கெட்டதை அங்கே சரிசெய்ய முடியாது.

குறி நெஞ்சுக்கூட்டில் இருக்க வேண்டும், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரல் இருக்கும் இடம். மான் சீக்கிரம் விழும், நல்ல கறியும் வீணாகாது. குண்டு வயிற்றில் பட்டால் இரைப்பையில் இருப்பதும் குடலில் இருப்பதும் உள்ளே முழுக்கக் கொட்டிவிடும். அப்படிப்பட்ட மானைக் கூடம் தானத்துக்கு ஏற்காமல் போகலாம், ஏற்றாலும் பாதிக் கறி குப்பைக்குப் போகும். தூரம் அதிகமாகத் தெரிந்தாலோ, மான் நடந்துகொண்டே இருந்தாலோ, சுடாமல் விட்டுவிடுங்கள். தானத்துக்கு ஒரு மான் குறைந்தால் குடி முழுகிப் போகாது.

விழுந்த மானுக்கு முதலில் டேக் கட்டுங்கள். மாநில விதிப்படி போன் ஆப்பிலோ இணையத்திலோ பதிவு செய்து, வரும் உறுதி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத மானைக் கறிக்கூடம் தொடாது.

அப்புறம் குடல் எடுப்பது. முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மானின் மேல் உண்ணி நிறைய இருக்கும், உடல் ஆற ஆற அவை இறங்கி வேறு ஆள் தேடும். வயிற்றுத் தோலைக் கீறும்போது கத்தியின் வெட்டும் பக்கம் மேல் நோக்கி இருக்கட்டும். இடது கையின் இரு விரல்களைத் தோலுக்கு அடியில் கொடுத்து, தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த இடைவெளியில் கத்தியை நகர்த்துங்கள். இப்படிச் செய்தால் குடல் கிழியாது. சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்கு நடுவே பதுங்கி இருக்கும். அதைக் கசக்காமல், வாயைக் கிள்ளிப் பிடித்து அறுத்து, தள்ளிப் போடுங்கள். மேலே உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் கை எட்டும்வரை உயரத்தில் அறுத்தால் உள்ளே இருப்பது மொத்தமாக ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். முதல் தடவை இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். சங்கத்தில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், சொல்லித்தர அவர்களுக்கு ஆசைதான்.

உள்ளே தேங்கிய ரத்தத்தைக் கவிழ்த்து வடித்துவிடுங்கள். ஓடைத் தண்ணீரில் கழுவாதீர்கள், அதில் என்ன கிருமி இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் குடிநீர் ஊற்றி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நெஞ்சுக்கூட்டைத் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போகட்டும்.

இனி எல்லாம் குளிர்தான். கறியின் சூடு 4 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. தொடை இரண்டும்தான் கடைசியில் ஆறும், அங்கே சதை கனம் அதிகம். வெளியே குளிரடிக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. வண்டியின் பின்பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் உள்ளே சூடு அப்படியே நிற்கும். இரண்டு பெரிய ஐஸ் மூட்டைகளை நெஞ்சுக்கூட்டுக்குள் வைத்து, மானை மூடாமல் கொண்டுபோங்கள். வில்வேட்டை சீசன் தொடங்கும் வாரங்களில் பகல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அப்போது காலையில் எடுத்த மானை மதியத்துக்குள் கூடத்தில் சேர்க்க முடியாது என்றால், அன்று தானத்துக்கென்று சுட வேண்டாம்.

கூடத்து வாசலில் நடப்பதைப் பார்த்தாலே இதன் முக்கியத்துவம் புரியும். வாங்குபவர் டேக்கைப் படிக்கும் முன்பே குனிந்து முகர்வார். டார்ச் அடித்து விலாவின் உட்புறத்தைப் பார்ப்பார். பச்சையும் பழுப்புமாகக் கறை தெரிகிறதா, இலைச் சருகும் முடியும் ஒட்டியிருக்கிறதா, வயிற்றோரச் சதை வழுவழுப்பாகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். அந்த அரை நிமிடத்தில் அவர் தலையாட்டினால் மான் தானக் கணக்கில் ஏறும்.

நோய்ப் பரிசோதனை

மானுக்கு ‘சிடபிள்யூடி’ என்றொரு நோய் வரும். மூளையைத் தாக்கி, உடல் மெலிந்து சாகும் நோய். 1967இல் கொலராடோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்து மான்களிடம் முதன்முதலில் தென்பட்டது. இப்போது அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கிருமி என்று சொல்லும்படி பாக்டீரியாவோ வைரஸோ இதற்குக் காரணம் இல்லை. உருக்குலைந்த ஒரு புரதம், ‘ப்ரையான்’ என்பார்கள். சமையல் சூட்டில் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான வழக்கு எதுவும் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் சிடிசி என்ற கூட்டாட்சி நோய்த் தடுப்பு அமைப்பின் அறிவுரை.

தானத்தில் இந்த அறிவுரைக்கு இரட்டிப்பு மரியாதை கொடுக்க வேண்டும். நான் எனக்காக ஒரு சிறு ஆபத்தை ஏற்கலாம், முகம் தெரியாத ஒருவருக்காக அதை ஏற்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வேட்டையாடும் மாவட்டம் நோய்ப் பகுதியில் வருகிறதா என்று துறையின் வரைபடத்தில் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு எல்லை மாறும், போன வருடத்து வரைபடம் உதவாது. வருகிறதென்றால் கழுத்தின் மேல்பகுதியில் தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். துறையின் சோதனை மையத்திலோ சில கூடங்களிலோ அதற்கு ஏற்பாடு இருக்கும். முடிவு வரும்வரை அந்த மானின் கறி தனியாகக் காத்திருக்க வேண்டும், பிறகே உணவு வங்கிக்குப் போகலாம். நோய்ப் பகுதியிலிருந்து தலையையும் முதுகெலும்பையும் வெளியே கொண்டுபோக பல இடங்களில் தடை உண்டு, கூடம் எல்லைக்கு அப்பால் இருந்தால் இதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

நடக்கத் தள்ளாடும் மான், ஆளைக் கண்டு பயப்படாத மான், எலும்பும் தோலுமான மான்: இவற்றைத் தானத்துக்கு எடுக்க வேண்டாம். துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஈயம்

இதைச் சங்கக் கூட்டத்தில் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். பேசித்தான் ஆக வேண்டும்.

2008இல் வடக்கு டகோடாவில் வில்லியம் கார்னட்சர் என்ற மருத்துவர், உணவு மையங்களுக்குத் தானமாக வந்த மான் கைமாப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். பல பொட்டலங்களில் உலோகத் துணுக்குகள் இருந்தன. ஈயக் குண்டு எலும்பிலும் சதையிலும் மோதிச் சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பரவுகிறது. மாநிலச் சுகாதாரத் துறை தலையிட்டு, மையங்களில் இருந்த மான்கறியை விநியோகிக்க வேண்டாம் என்று சொன்னது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவிலும் சோதித்தார்கள். அங்கே நடந்த ஆய்வில் குண்டு பட்ட காயத்திலிருந்து ஓரடிக்கும் அப்பால்கூடத் துணுக்குகள் கிடைத்தன. அதன்பிறகு அந்த மாநிலம் தானக் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

குழந்தைகளுக்கு ஈயத்தில் ‘இந்த அளவுவரை பரவாயில்லை’ என்று ஓர் எல்லை கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் ஆபத்துதான். உணவு மையத்து வரிசையில் இந்த இரு தரப்பும் இருப்பார்கள். அதனால் தானத்துக்கென்று மான் எடுப்பவர்கள் செம்புக் குண்டுக்கு மாறிவிடுவது நல்லது. அது மலர்ந்து விரியும், பொடியாகச் சிதறாது. விலை கொஞ்சம் கூடுதல். சங்க நிதியிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வைத்து, தான வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கொடுத்தால் அந்தப் பேச்சும் முடிந்துவிடும். துப்பாக்கியில் புதுக் குண்டு போட்டதும் களத்துக்குப் போகும் முன் குறி பார்த்துச் சரிசெய்துகொள்ள மறக்காதீர்கள், எடையும் வேகமும் மாறுவதால் குறி விலகும். வில்லில் எடுத்த மானில் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஈயக் குண்டால்தான் எடுத்தீர்கள் என்றால், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுமாறு கூடத்தில் சொல்லுங்கள். முன்சப்பையில் பட்டிருந்தால் அந்தச் சப்பை முழுதையும் விட்டுவிடலாம்.

பொட்டலமும் சீட்டும்

ஒரு நடுத்தர மானிலிருந்து எலும்பு நீக்கிய கறி சுமார் 20 கிலோ தேறும். ஒருவருக்குக் கால் பவுண்டு என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 160 முதல் 200 பேருக்கு ஒருவேளைக் கறி. தானத்துக்கு வருவது பெரும்பாலும் கைமாவாகவே அரைக்கப்படும். யாருக்கும் சமைக்கத் தெரியும், வேகவும் சீக்கிரம் வேகும்.

இங்கே ஒரு சிறிய கேள்வி பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்: கொழுப்பு சேர்க்கிறார்களா? மான்கறியில் கொழுப்பு குறைவு என்பதால் கூடங்களில் பன்றிக் கொழுப்பையோ மாட்டுக் கொழுப்பையோ கலந்து அரைப்பது சாதாரண வழக்கம். ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கோ, மாட்டிறைச்சி தொடாத ஓர் இந்துக் குடும்பத்துக்கோ அது தெரியாமல் போய்ச் சேர்ந்தால் நாம் செய்தது உதவி ஆகாது. தானக் கறியில் எதையும் கலக்க வேண்டாம், வெறும் மான்கறியாகவே அரையுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலந்திருந்தால் சீட்டில் எழுதியே ஆக வேண்டும். சுட்டு எடுத்த மான் என்பதும் சீட்டில் இருந்தால், ஹலால் பார்ப்பவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

சீட்டில் வேறென்ன வேண்டும்? மான்கறி என்ற பெயர், பொட்டலம் போட்ட தேதி, கூடத்தின் பெயர், விற்பனைக்கு அல்ல என்ற வாசகம், 71 டிகிரி செல்சியஸ் அல்லது 160 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு ஏறும்வரை வேகவைக்கவும் என்ற குறிப்பு. வேட்டையில் கிடைத்த மான்கறியை விற்பதற்குச் சட்டம் இடம் தருவதில்லை. காட்டு விலங்குகளைச் சந்தைக்காகக் கொன்று குவித்த காலம் ஒன்று இருந்தது. சட்டவிரோதமாக எடுத்த விலங்குகளை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுக்க 1900இல் வந்த லேசி சட்டம் அந்த வியாபாரத்தை முறியடித்ததில் பெரும்பங்கு வகித்தது. தானம் கொடுக்கத் தடையில்லை, பைசா வாங்கினால் குற்றம்.

‘சாப்பிட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மேல் வழக்கு வருமா?’ என்று புதியவர்கள் கேட்பார்கள். 1996இல் வந்த பில் எமர்சன் சட்டம், நல்லெண்ணத்தோடு, உண்ணத் தகுந்தது என்று நம்பி, லாப நோக்கில்லாத அமைப்புக்கு உணவு கொடுப்பவரைப் பாதுகாக்கிறது. தெரிந்தே தீங்கு செய்தாலோ மிக மோசமான அலட்சியம் காட்டினாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே சொன்ன படிகளை ஒழுங்காகச் செய்திருந்தால் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

உணவு மையத்தோடு பேசுவது

உணவு வங்கி வேறு, உணவு மையம் வேறு. வங்கி என்பது பெரிய கிடங்கு. நாடு முழுதும் உள்ள ‘ஃபீடிங் அமெரிக்கா’ வலையத்தில் அப்படிப்பட்ட வங்கிகள் சுமார் 200 இருக்கின்றன. தேவாலயத்தின் கீழ்த்தளத்திலோ சமூகக் கூடத்திலோ வாரம் ஒருமுறை மக்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் இடம்தான் மையம். உங்கள் ஊர்த் திட்டத்தில் கறி எந்த வழியாகப் போகிறதென்று தெரிந்துகொள்ளுங்கள்.

மையங்களில் எப்போதும் குறைவது ஃப்ரீஸர் இடம். சீசன் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் கறி வெள்ளமாக வந்து சேரும், பிப்ரவரியில் ஒன்றும் இருக்காது. கறிக்கூடத்து ஃப்ரீஸரில் வைத்திருந்து மாதாமாதம் பிரித்து அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனையோ சங்கங்கள் துப்பாக்கியைப் பரிசாக வைத்து நடத்தும் குலுக்கலுக்குச் செலவிடும் உழைப்பில் கால் பங்கை ஒரு மையத்துக்குப் பெட்டி ஃப்ரீஸர் வாங்கித் தருவதில் செலவிட்டால் வருடக்கணக்கில் பலன் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மையத்தில் கேட்க வேண்டிய இன்னொன்று, பொட்டலத்தின் அளவு. தனியாக வாழும் முதியவருக்கு ஒரு பவுண்டு போதும். ஆறு பேர் குடும்பத்துக்கு இரண்டு பவுண்டு வேண்டும். எல்லாவற்றையும் ஐந்து பவுண்டு உருளையாகக் கட்டிவிட்டால், மையத்தில் உருக்கிப் பிரிக்கவும் முடியாது, உடைத்துக் கொடுக்கவும் முடியாது.

கூடவே ஒரு சமையல் குறிப்புத் தாளும் கொடுங்கள். மான்கறியையே பார்த்திராத பலர் அதைப் பயத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட வேண்டும், கொழுப்பு இல்லாததால் வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், வெறுமனே வறுத்தால் வறண்டுபோகும் என்பதால் தக்காளியோ வெங்காயமோ பீன்ஸோ சேர்த்துக் குழம்புப் பதத்தில் வைத்தால் நன்றாக இருக்கும்: இவ்வளவு எழுதினால் போதும். வரிசையில் நிற்பவர்கள் பேசும் மொழிகளில் அதை அச்சடியுங்கள். அந்த மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதியவரான நீங்களே சங்கத்தில் பொருத்தமான ஆளாக இருக்கலாம்.

பணம்

மானை அறுத்துக் கட்டிக் கொடுக்க ஆகும் கூலி நூறு டாலரை ஒட்டியோ தாண்டியோ போகும். தானத் திட்டங்கள் அந்தக் கூலியை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ கூடத்துக்குக் கொடுத்துவிடும். அயோவாவில் ‘ஹஷ்’ என்ற தானத் திட்டத்துக்கென்று மான் லைசென்ஸோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்தே வாங்குகிறார்கள். வேறு இடங்களில் நன்கொடைதான் ஆதாரம். சீசன் நடுவில் நிதி தீர்ந்துபோய் மான் வாங்குவதை நிறுத்திவிடும் நிலையும் வரலாம், அந்த நேரத்தில் சங்கம் கைகொடுக்க வேண்டும்.

வசூலிக்கும்போது ஒன்றில் நேர்மையாக இருங்கள். பெரும்பாலான வேட்டைச் சங்கங்கள் வரிச் சட்டத்தில் பொழுதுபோக்குச் சங்கமாக, 501(சி)(7) பிரிவில் பதிவானவை. அவற்றுக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடையாது. கழிவு உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொல்லி வாங்கிவிட்டால் கொடுத்தவர் சிக்கிக்கொள்வார். கழிவு வேண்டுமென்பவர்கள் தொண்டு அமைப்பாக 501(சி)(3) பிரிவில் உள்ள தானத் திட்டத்தின் பெயருக்கே காசோலை எழுதட்டும், சங்கம் சேர்த்து அனுப்பினால் போதும். குலுக்கல் நடத்தவும் மாநிலத்தைப் பொறுத்து அனுமதி வேண்டியிருக்கும்.

துப்பாக்கி எடுக்காதவர்களுக்கு

உயிரைக் கொல்ல மனம் வராதவர்களும் இந்த வேலையில் தாராளமாகச் சேரலாம். சங்கங்களில் சுடுபவர்களுக்குப் பஞ்சமில்லை, ஓடியாடி வேலை பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நள்ளிரவில் மானை ஐஸோடு கூடத்துக்குக் கொண்டுபோக வண்டி ஓட்டுபவர், கூடத்திலிருந்து மையத்துக்குப் பெட்டிகளை உறைநிலையில் ஏற்றிச்செல்பவர், எந்த மானிலிருந்து எத்தனை பவுண்டு எந்த மையத்துக்குப் போனது என்று கணக்கு எழுதுபவர். இந்தக் கணக்கு ரொம்பவும் முக்கியம். ஒரு மானின் பரிசோதனை முடிவு தாமதமாக வந்து நோய் என்று தெரிந்தால், எந்தப் பொட்டலங்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

தோலையும் வீணாக்க வேண்டியதில்லை. ‘எல்க்ஸ்’ என்ற சேவை அமைப்பு 1948 முதல் மான் தோல்களை வாங்கிப் பதனிட்டு, சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் படைவீரர்களுக்குக் கையுறை தைத்துக் கொடுக்கிறது. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை தேய்ந்துபோகும் அவர்களுக்கு மான் தோலின் மென்மை இதமானது. உங்கள் பகுதியில் தோல் வாங்குகிறார்களா என்று கேட்டு, உரித்த தோலின் சதைப் பக்கத்தில் உப்பை வாரித் தேய்த்து, மடித்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

காட்டில் யாராவது தொலைந்துபோனால் தேடும் பணியில் வேட்டைக்காரர்கள் பெரிய பலம், ஓடையும் மேடும் அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் ஷெரிஃப் அலுவலகம் கூப்பிடாமல் தாங்களாகக் கிளம்பக் கூடாது. மோப்ப நாய் பிடித்துக்கொண்டிருக்கும் தடத்தைப் புதிதாக வந்த பத்துப் பேரின் காலடி அழித்துவிடும். சங்கத்தின் பெயரை முன்கூட்டியே தன்னார்வலர் பட்டியலில் பதிந்து, பயிற்சி எடுத்துக்கொண்டு, கூப்பிடும்போது ஆரஞ்சு உடுப்போடும் விசிலோடும் போய் நில்லுங்கள்.

சீசன் முடிந்த பிறகு

ஜனவரி கடைசியில் மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். எவ்வளவு கறி போனது, எது தேங்கியது, யாராவது பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்களா, ஏன் என்று கேளுங்கள். முடி கிடந்தது, கவிச்சி அடித்தது, சீட்டு அழிந்துபோயிருந்தது என்று என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்து கூடத்தாரிடம் காட்டுங்கள். அந்தப் பேச்சு கோடைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் அவர்கள் அடுத்த சீசனுக்கான பதிவைத் தொடங்கிவிட்டால் எதையும் மாற்றச் சொல்லிக் கேட்க நேரம் இருக்காது.